இழவும் இளிவும்: அயல்நாட்டுச் செய்திகளிற் கடற்கோள்
சாம்பல்தீவுக் கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளை உலகின் நினைவில் நிறுத்திய படம் எதுவெனக் கேட்டால் பலரும் ஒரே படத்தையே சுட்டுவர். அலையடித்து இரண்டு நாட்களின் பின்னர், டிசெம்பர் 28இல், தமிழ்நாட்டின் கடலூரில் ரொய்ட்டர் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அது. மணலில் ஒரு பெண் கவிழ்ந்து கிடந்து அழுகிறாள். உள்ளங்கைகள் இரண்டும் வானோக்கி விரிந்துள்ளன. படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. 2004ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு இதற்கே கிடைத்தது. படத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. எடுத்தவரின் திறமையையும் மறுக்கவில்லை. நமது வினா அப்படத்தின் சட்டகத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றைப் பற்றியது.

ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பொன்றின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர். ஆண்கள் 146 பேர். இவ்வேறுபாட்டுக்கு அது கூறும் காரணங்களுள் முதன்மையானது தொழில் சார்ந்தது. ஆண்கள் கடலில் நின்றனர். பெண்கள், படகுகள் கொண்டுவரும் மீனைப் பெற்று விற்பதற்காகக் கரையிற் காத்திருந்தனர். ஆழ்கடலில் நிற்கும் படகு இத்தகைய அலையை உணராமலே கடந்துவிடும். கரையில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆக, அப்பெண்களைக் கொன்றதில் அலைக்குப் பங்குண்டு. மீன்பிடித் தொழிலின் உழைப்புப் பிரிவினைக்கும் பங்குண்டு. உலகம் கண்ட படத்திலோ பெண் இறந்தவரை நினைந்து அழுபவளாக மட்டுமே இருக்கிறாள். கூடையுடன் கரையில் நின்ற தொழிலாளியாக அவளை நாம் எங்கும் காணவில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

செய்தியை இலக்கிய மாணவர் ஏன் ஆராயவேண்டும் என்று கேட்கப்படலாம். செய்தி ஓர் எடுத்துரைப்பு வடிவம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, பாத்திரங்கள் உண்டு, நோக்குநிலை உண்டு. எங்கே தொடங்குவது, யாருடைய கண்ணால் நோக்குவது, எதைச் சொல்லாது விடுவது என்பவை சிறுகதையாசிரியனைப் போலவே செய்தியாளனும் தீர்மானிக்கவேண்டிய காரியங்கள். கைலாசபதி 'தினகரன்' ஆசிரியபீடத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பாடலின் ஊடகமாக ஆராய்ந்தவர். அவ்வாறிருந்தும் அன்றாடச் செய்தியை ஒரு பிரதியாகக் கொண்டு வாசிக்கும் பழக்கம் நமது தமிழ்த்துறைகளில் வேரூன்றவில்லை. யாப்பிலக்கணத்தில் நாம் காட்டும் உன்னிப்பில் ஒரு சிறு பங்கைச் செய்திக்கும் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1980இல் யுனெஸ்கோவுக்காக ஷோன் மக்பிரைட் தலைமையிலான ஆணைக்குழு சமர்ப்பித்த அறிக்கை, உலகச் செய்தியோட்டத்தின் சமனின்மையை விரிவாகப் பேசியது. அதன் பின்னர் தொழில்நுட்பம் பலமடங்கு வளர்ந்துவிட்டது. சமனின்மை முற்றாக நீங்கிவிடவில்லை. தேயிலையைப் போலவே துயரமும் இங்கிருந்து மூலப்பொருளாக ஏற்றுமதியாகி, அங்கே பொதிசெய்யப்பட்டு, நமக்கே திரும்பி வருகிறது.

இச்செய்திகளை வாசிப்பதற்கான கருவி நமது மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னைய நல்ல நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் அசைவு. நுகர்வுக்கு வேண்டியன இல்லாமை வறுமை. உரையாசிரியர் விளக்கங்களின் சாரம் இதுவே. இந்நான்கையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இழவு ஒரு கணத்தில் நேரக்கூடியது. ஏனைய மூன்றும் அவ்வாறல்ல. அவை காலத்தில் நீள்பவை, சமூக உறவுகளில் வேர்கொண்டவை. இகழ்வதற்கு ஒருவர் வேண்டும். கெடுவதற்கு முன்னைய நிலையொன்று வேண்டும். வறுமைக்கு ஒரு பொருளாதாரம் வேண்டும். அயல்நாட்டுத் தொடர்பு சாதனங்களின் அனர்த்தச் செய்தி இந்நான்கினுள் இழவை மட்டுமே தெரிந்தெடுத்து, ஏனையவற்றைக் கைவிடுகிறது என்பதே நமது கருத்து. அத்துடன், எந்த நிலைக்களன் படத்தில் வெட்டப்பட்டதோ அது நிவாரணத்திலும் வெட்டப்பட்டது என்பதையும் காட்ட விழைகிறோம்.

கடலூருக்குத் தெற்கே, கடலின் இப்பாலுள்ள நமது கரைக்கு வருவோம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே செல்பவர் உப்புவெளியைத் தாண்டிச் சாம்பல்தீவை அடைவார். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். அருகே சல்லி, அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் இப்பிரதேச மக்கள் யாவரும் அறிந்தது. மேலும் வடக்கே நிலாவெளி, அதன் உல்லாச விடுதிகள். அப்பால் இறக்கக்கண்டி, குச்சவெளி. மீன்பிடி, சிறு பயிர்ச்செய்கை, கூலியுழைப்பு ஆகியவற்றால் வாழும் கரை இது. 2004 டிசெம்பர் 26 காலை இக்கரையும் அலைக்குள்ளாயிற்று. இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 35,000 பேர். அவர்களுள் திருகோணமலை மாவட்டத்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேர். நாட்டிலேயே மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் நேர்ந்தது. அங்கு இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர்.

இவ்வெண்களை மனங்கொண்டு அந்நாட்களில் உலகத் தொலைக்காட்சிகள் காட்டியவற்றை நினைவுகூர்தல் வேண்டும். அலை வரும் காட்சிகளிற் பெரும்பாலானவை உல்லாசப் பிரயாணிகள் தம் கைக்கமெராக்களில் எடுத்தவை. தாய்லாந்தின் புக்கெட்டிலும் பிறவிடங்களிலும் விடுதியின் மேல்மாடத்தில் நின்று எடுக்கப்பட்டவை அவை. எனவே உலகம் இவ்வனர்த்தத்தை நோக்கிய கோணம் மேன்மாடத்தின் கோணம். விடுதியில்லாத கரைகளில் அலையை எடுக்க எவருமில்லை. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுவீடன் நாட்டவரும் ஏறத்தாழ அதேயளவு ஜேர்மானியரும் இறந்தமை அந்நாடுகளின் செய்திகளைத் தம்மவர் மீது குவியச் செய்தது. அது மனித இயல்பே. தென்னிலங்கையில் விடுமுறையைக் கழித்த முன்னாள் ஜேர்மன் சான்சலர் ஹெல்மூட் கோல் ஹெலிகொப்டரில் மீட்கப்பட்டது தலைப்புச் செய்தியாயிற்று. காலி மாவட்டத்துப் பெரலியவில் புகையிரதமொன்று ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் அழிந்த கொடுமை உலகெங்கும் சென்றது, செல்லவேண்டியதுமாகும். ஆயினும் அம்பாறையின் பத்தாயிரம் பேருக்கு அத்தகைய ஒரு படிமமும் வாய்க்கவில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை என்னும் பெயர்கள் உலகச் செய்தியில் ஊர்களாக நிலைபெறவில்லை.

நோக்குநிலை இவ்வாறிருக்க, தொடக்கம் எங்கே அமைந்தது? ஏறத்தாழ எல்லாச் செய்திக்கதைகளும் டிசெம்பர் 26 காலையிலேயே தொடங்கின. அதற்கு முந்தியது ஒரு தபாலட்டை: வெண்மணல், தென்னை, அமைதி. 'சொர்க்கம் சிதைந்தது' என்னும் பொருள்படும் தலைப்புகளை அக்காலப் பத்திரிகைகளிற் கண்டோம். சாம்பல்தீவுக் கரையில் டிசெம்பர் 25ஆம் நாள் எவ்வகைச் சொர்க்கம் இருந்தது? 1964 டிசெம்பர்ப் புயல் இக்கரையையும் தாக்கியே தனுஷ்கோடிக்குச் சென்றது. அது இயற்கையின் அடி. ஆனால் 1980களிலும் 1990இலும் பட்டினத்துக்கு வடக்கேயுள்ள ஊர்கள் இடம்பெயர்ந்தமைக்குக் காற்றோ கடலோ காரணமன்று. 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தம் வந்தபோது மீண்டவர்கள் பாதி எழுந்த சுவர்களுக்குள் வாழ்ந்தனர். மீளாதவர்கள் அலஸ்தோட்டம் போன்ற இடங்களில் முகாம் வாழ்க்கையைத் தொடர்ந்தனர். தொல்காப்பியர் கூறும் அசைவு இதுவே: முன்னைய நிலை கெட்டு வருந்துதல். அலை அடிப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே இக்கரை அசைவுற்றிருந்தது. டிசெம்பர் 26இல் தொடங்கும் கதைக்கு அதைச் சொல்ல இடமில்லை.

இதன் நடைமுறை விளைவு நிவாரண வேளையிற் கண்கூடாயிற்று. வீட்டை அலைக்கு இழந்தவர், யுத்தத்துக்கு இழந்தவர் என்று ஒரே வீதியின் மக்கள் இருவகையினராயினர். முன்னவருக்குப் புதிய வீட்டுத்திட்டம், வெளிநாட்டுக் கொடி, திறப்புவிழா. பின்னவர் பதினான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தும் அவ்வேகத்தைக் கண்டதில்லை. அரசாங்கமும் நன்கொடையாளரும் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். பின்னர் சில திருத்தங்களும் செய்யப்பட்டன. ஆயின் பணம் 'கடற்கோள்' என்னும் தலைப்பில் வந்தது. தொலைக்காட்சி பார்த்த மக்கள் அலைக்காகவே கொடுத்தனர், யுத்தத்துக்காகக் கொடுக்கவில்லை. எதைப் பார்த்தார்களோ அதற்குத்தானே கொடுப்பார்கள்?

கொடுத்த பணத்தின் அளவும் கருதத்தக்கது. நிவாரண நிறுவனங்கள் கூடி அமைத்த மதிப்பீட்டுக் கூட்டணி 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடற்கோளுக்கென உலகளவில் திரண்ட தொகை ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டொலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரி 7,100 டொலருக்கு மேல். அதே 2004இல் வங்காளதேச வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது 3 டொலர். தேவை என்பது பாதிக்கப்பட்டவனின் வயிற்றிலிருந்து எழுவதாக நாம் எண்ணுகிறோம். உற்பத்தியே தேவையையும் உருவாக்குகிறது என்று மார்க்ஸ் 1857இல் எழுதிய கருத்து இங்குப் பொருந்தும்: செய்தியுற்பத்தி அனர்த்தத் தேவையை உருவாக்குகிறது. வங்காளதேசத்தில் வெள்ளம் மெல்ல ஏறி மெல்ல வடிந்தது. அதைப் படம்பிடிக்க மேன்மாடம் இல்லை; அது 'வழமையான' வெள்ளம். ஏழை ஆண்டுதோறும் இறந்தால் அது செய்தியாவதில்லை.

இனி வறுமை. இங்கே ஒரு சிறுகதையை நினைவுகூர விரும்புகிறோம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' ஈழத்துச் சிறுகதை வாசகர் நன்கறிந்தது. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்னும் ஏக்கம் அக்கதையின் மையத்தில் இருக்கிறது. இம்மாவட்டத்துக் கடற்கரையின் அடிப்படை முரண்பாட்டை அக்கதை சரியாகத் தொட்டது: கடல் பொதுவானது, தோணி பொதுவானதன்று. கரைவலைக்கும் இது பொருந்தும். வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. இழுப்பவர்களின் உடைமை தமது கைகளே. வருமானத்திற் செலவும் சம்மாட்டியின் பங்கும் கழிந்து எஞ்சியதே அவர்களுக்கு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அதுவும் இல்லை. அப்போது முற்பணம், அம்முற்பணத்தால் அடுத்த பருவத்துக்கும் கட்டுண்ட உழைப்பு.

இப்பொழுது, அலை சென்றபின் கிராம சேவையாளரின் பட்டியலைக் கற்பனை செய்து பார்க்கலாம். எத்தனை படகு அழிந்தது, எத்தனை இயந்திரம், எத்தனை வலை, வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா? முழுச் சேதத்துக்கு இரண்டரை இலட்சம் ரூபா, பகுதிச் சேதத்துக்கு ஒரு இலட்சம் என்று அரசாங்கம் வகுத்தது. இவை யாவும் இழவைக் கணக்கிடும் வினாக்கள். உடைமையுள்ளவனே இழக்க முடியும். ஒன்றுமில்லாதிருந்தவன் எதை இழந்ததாக எழுதுவது? அடுத்தவனின் வலையை இழுத்தவனுக்கு அவ்வலையோடு நாட்கூலியும் போயிற்று. வேலைவாய்ப்பு என்பதற்குப் படிவத்தில் நிரல் இல்லை. வாராந்தம் தலைக்கு 375 ரூபா பெறுமதியான உணவும் பணமும் சில மாதங்கள் வழங்கப்பட்டன. அது ஒரு குறைநிரப்பியே. மீன் விற்ற பெண்ணுக்குக் கூடையையும் தராசையும் தவிர உடைமையெனக் காட்ட எதுவுமில்லை.

இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தது அல்லது பழுதுற்றது. ஆகவே உலகம் படகுகளை அனுப்பியது. படகு படத்துக்கு ஏற்ற பொருள். நீலக் கடல், புதிய வர்ணம், பக்கத்திற் கொடுத்தவர் பெயர். சிலவிடங்களில் அழிந்ததைவிடக் கூடுதலான சிறுபடகுகள் வந்து சேர்ந்தன என்பது பின்வந்த மதிப்பீடுகளிற் கூறப்பட்டது. 'தோணி'க்காக ஏங்கிய இளைஞனின் வழித்தோன்றல்கள் சிலருக்கு இவ்வாறு தோணி கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை, அது நன்றே. ஆயினும் தோணி மட்டும் உற்பத்தி உறவாகாது. எரிபொருளுக்கு முற்பணம் தருபவன், பனிக்கட்டி வைத்திருப்பவன், கரையிலேயே மீனை விலைபேசிக் கொழும்புக்கு அனுப்பும் முதலாளி ஆகியோரின் பிடி அலையில் அள்ளுண்டு போகவில்லை. மேலும் 2006இல் யுத்தம் மீண்டபோது கிழக்குக் கடலில் தொழில் செய்யும் நேரத்துக்கும் இயந்திர வலுவுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. கொடுத்த படகு கரையிற் கிடந்தது. அதைப் படமெடுக்க எவரும் வரவில்லை. அப்பொழுது கதை முடிந்துவிட்டது.

கரைநிலத்தின் கதையும் இத்தகையதே. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனக் கடலோரத்தில் மீள்குடியேற்றம் தடுக்கப்பட்டது. பாதுகாப்பே காரணமெனக் கூறப்பட்டது. ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விதிவிலக்குக் காட்டப்பட்டது. ஒரே அலை வாடியை அடித்தால் ஆபத்து, விடுதியை அடித்தால் முதலீடு என்று கொள்ளவேண்டும் போலும். நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் அறுகம்பைக் கரையை எடுத்துக்காட்டி இதனை விரிவாக எழுதினார். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளுக்கும் அவ்வாய்வை நீட்டுதல் இம்மாவட்டத்து ஆய்வாளர் கடன். தடைவலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் இடையிற் சென்ற காலத்தில் கரையைவிட்டுப் போனவர் எத்தனை பேர் மீண்டனர் என்பதை எந்தச் செய்தி நிறுவனமும் பின்தொடரவில்லை.

நான்காவது நிலைக்களனாகிய இளிவுக்குக் கல்முனையில் நேர்ந்த ஒன்று போதிய சான்று. அலையில் மிதந்து மீண்ட கைக்குழந்தையொன்று கல்முனை மருத்துவமனையில் அன்று அனுமதிக்கப்பட்ட 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்டது. 'குழந்தை 81' என்று அயல்நாட்டுச் செய்திகள் அதற்குப் பெயரிட்டன. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருகின்றனர் என்ற கதை உலகைச் சுற்றியது. அது ஒரு பேரிலக்கியக் காட்சியைப் போல இருந்தது. சாலமோன் அரசனின் தீர்ப்பை நினைவூட்டாத பத்திரிகை இல்லை எனலாம். உண்மையில் முறைப்படி உரிமை கோரியவர் ஒரே தம்பதியர்தாம். 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது. அதன்பின் அவர்கள் நியூயோர்க்குக்கு அழைக்கப்பட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோற்றமளித்தனர். திரும்பி வந்தபோது அயலாரின் பொறாமை காத்திருந்தது. வெளிநாடு சென்று வந்தவர்களுக்கு நிவாரணம் எதற்கென்று உதவியும் மறுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தம் பிள்ளையைத் தம்முடையதென்று நிரூபிக்க நேர்ந்தமையும், பின்னர் தம் வறுமையையும் நிரூபிக்க நேர்ந்தமையும் இளிவேயன்றி வேறென்ன? இழவின் கதையாக உலகம் சுவைத்தது, இளிவின் கதையாக இங்கே முடிந்தது.

இவ்வகை எழுத்துக்கும் படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் எலும்புக்கூடாகிய மனிதரை வில்லபி ஹூப்பர் என்னும் பிரித்தானியப் படையதிகாரி புகைப்படமெடுத்தார். இலண்டன் மாநகர முதல்வர் 'மான்சன் ஹவுஸ்' நிதியைத் திரட்டினார். அந்நிதிக்காகக் குரலெழுப்பிய 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி, அதற்கு முன்னர் கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையிற் பணியாற்றியவர். இலண்டனில் உண்டியல் குலுங்கிய அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. நிவாரண வேலைத்தலங்களில் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த நாட்கூலி ஒரு இறாத்தல் தானியத்தையே அடிப்படையாகக் கொண்டது. டிக்பி அரசின் கொள்கையைக் கண்டித்து எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். செய்தியாளர் யாவரும் ஒரே வார்ப்பினர் அல்லர். எனினும் ஹூப்பரின் படங்களில் மெலிந்த உடல் உண்டு, துறைமுகம் இல்லை. அப்பஞ்சத்தினின்று தப்ப மன்னார்க் கரையேறிக் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டுவழியே நடந்தவர்களின் சந்ததியினர் மலையகத்தில் வாழ்கின்றனர். 2025 நொவெம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் தோட்டக் குடியிருப்புகளும் சிக்கின. அவர்களிற் பெரும்பாலானோருக்குத் தாம் குடியிருக்கும் நிலத்துக்கே உறுதி இல்லை. நிலத்தை இழந்ததாக அவர்கள் எப்படிவத்தில் எழுதுவர்?

நமது தமிழ்ப் பத்திரிகைகளையும் புலம்பெயர் தமிழ்த் தொலைக்காட்சிகளையும் இவ்விமரிசனத்திலிருந்து விலக்கிவிட முடியாது. அயல்நாட்டவர் விடுதியின் மேன்மாடத்திலிருந்து பார்த்தனர் என்றால், நாம் இனத்தின் மேன்மாடத்திலிருந்து பார்த்தோம். கிண்ணியாவின் மருத்துவமனையையே அலை அழித்தது. ஆயினும் தமிழரின் துயரம், முஸ்லிம்களின் துயரம், சிங்களவரின் துயரம் என்று இறந்தவரைப் பங்கிட்டுக் கணக்கிடும் பழக்கத்திலிருந்து நாம் விடுபடவில்லை. நிவாரணத்தைப் பங்கிட 2005 யூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட பொதுக்கட்டமைப்பில் முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக இல்லை. யூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தடையைப் பேரினவாதத்தின் வெற்றியென நமது பத்திரிகைகள் எழுதின, அது தவறன்று. ஆனால் சம்மாட்டிக்கும் கூலியாளுக்கும் இடையே நிவாரணம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின? கரையோரச் சமூகத்தின் மீது நமது நடுத்தர வர்க்க வாசகன் கொண்டுள்ள சாதிய அலட்சியத்துக்கும் இம்மௌனத்துக்கும் தொடர்பில்லை என்று நாம் கருதவில்லை.

மெய்ப்பாட்டியலை மீண்டும் நோக்குவோம். அழுகைக்குப் போலவே வெகுளிக்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. இங்கே 'அலை' கடலலையன்று. அலைத்தல், வருத்துதல் என்பது பொருள். இந்நான்கும் ஒருவர் மற்றொருவருக்குச் செய்பவை. இதனாற்றான் அனர்த்தச் செய்தி அழுகையை அனுமதிக்கும் அளவுக்கு வெகுளியை அனுமதிப்பதில்லை. அழுகைக்கு ஓர் இறந்தவர் போதும். வெகுளிக்குக் கொன்றவர் வேண்டும்.

கடற்கோள் நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே திருகோணமலையில் வேறொரு புகைப்படக்காரர் தம் கடமையைச் செய்தார். 2006 ஜனவரி 2ஆம் நாள் பட்டினத்தின் கடற்கரையோரத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று கூறப்பட்டது. 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவ்வுடல்களில் இருந்தவை அருகிலிருந்து சுடப்பட்ட காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் நாள் அவர் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடலூர்ப் படமும் அவர் எடுத்த படங்களும் வங்கக் கடலின் கரைகளில், ஓராண்டு இடைவெளியில், இறந்த தமிழரைக் காட்டியவை. முதலாவதில் காரணம் சட்டகத்துக்கு வெளியே நின்றது. இரண்டாவதில் உள்ளேயே இருந்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள், இராசரத்தினத்தின் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தமது அலுவலக வளவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுட் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். கடற்கோளால் பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீர் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள் அவர்கள். யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழு அரசபடைகள் மீது பொறுப்பைச் சுமத்தியது, அரசாங்கம் மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. பேரலையின் நினைவாக ஆண்டுதோறும் டிசெம்பர் 26 காலை 9.25க்கு இலங்கையில் இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கப்படுகிறது. சல்லியிலும் சாம்பல்தீவிலும் அம்மௌனம் காக்கப்படும்போது மூதூரின் பதினேழு பேரும் அதனுள் அடங்குவரா என்பதைச் செய்திகள் இன்னும் கேட்கவில்லை.